காற்றைக் குறைக்கலாமா?

கோடை விடுமுறையில் சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு மோட்டாரில் புறப்பட இருக்கும் சகோதரி ஒருவர் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். கடிதத்தின் சாரம் வருமாறு:

"எங்கள் வண்டியின் டயர்களைப் பற்றி வீட்டில் மூன்று கட்சிகள் இருக்கின்றன. 'வெயிலில் காற்று விரியும், டயர் வெடிக்கும்; ஆகையால் புறப்படும்போதே ஐந்து பாயிண்ட் குறைத்துவிடுங்கள்' என்கிறார் என் மாமனார். 'வண்டி வாங்கி எட்டு வருஷமாகியும் முப்பதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை. டயரில் பட்டன் அப்படியே இருக்கிறது. கவலை வேண்டாம்' என்கிறார் என் கணவர். 'நைட்ரஜன் அடித்துவிட்டால் ஒரு தொல்லையும் இல்லை, அக்கா' என்கிறான் என் தம்பி. பின் ஆசனத்தில் குழந்தைகளோடு உட்காரப் போகிறவள் நான். யார் பேச்சை நம்புவது?"

இந்த மூன்று கட்சிகளும் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் உரியவை அல்ல. தமிழ்நாட்டில் மோட்டார் வைத்திருக்கும் குடும்பங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் இதே விவாதம் நடந்துகொண்டுதான் இருக்கும் என்று நினைக்கிறோம். ஆகவே சகோதரிக்கு எழுத வேண்டிய பதிலை நேயர்கள் அனைவருக்கும் பொதுவாகவே எழுதிவிடுகிறோம்.

நான்கு தபால் கார்டுகள்

முதலில் ஒரு சிறு கணக்கு. பள்ளிக்கூடக் கணக்குத்தான்; பயப்பட வேண்டாம்.

ஆட்களும் சாமான்களும் சேர்ந்து வண்டியின் எடை 1,200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்தின் பங்கு 300 கிலோ. டயருக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் 33 ராத்தல். பெட்ரோல் பங்க்கில் 'பாயிண்ட்' என்று வழங்குவது இதைத்தான். ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை ராத்தல் என்று பொருள். 33 ராத்தலை மெட்ரிக் அளவில் சொன்னால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2.3 கிலோ ஆகும். 300ஐ 2.3ஆல் வகுத்தால் வருவது சுமார் 130 சதுர சென்டிமீட்டர். டயர் தரையைத் தொடும் இடத்தின் பரப்பு கிட்டத்தட்ட அவ்வளவே. நம் ஊர்த் தபால் கார்டு ஒன்றின் பரப்பும் ஏறக்குறைய அதுதான்.

அதாவது, மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ஒரு வண்டியும் அதனுள் இருக்கும் குடும்பமும் பூமியோடு கொண்டிருக்கும் சம்பந்தம் நான்கு தபால் கார்டுகளின் அளவே. திரும்புவதும் நிற்பதும் வழுக்காமல் இருப்பதும் அந்த நான்கு கார்டுகளின் பொறுப்பு. என்ஜினுக்கும் வர்ணத்துக்கும் மெத்தை உறைக்கும் நாம் காட்டும் சிரத்தையில் காற்பங்கையாவது இவற்றுக்குக் காட்டுகிறோமா என்பதை நேயர்களே தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் இந்தக் கணக்கிலிருந்து விளங்கும். வண்டியைத் தாங்குவது ரப்பர் அன்று, காற்று. ரப்பரும் அதனுள் இருக்கும் இழைகளும் கம்பிகளும் காற்றைக் கட்டி வைத்திருக்கும் பை மாத்திரமே. 1845ல் ராபர்ட் வில்லியம் தாம்ஸன் என்பவர் காற்றடைத்த சக்கரத்துக்கு உரிமை பெற்றார். ஆனால் உலகம் அதை மறந்துவிட்டது. பின்னர் 1888ல் பெல்பாஸ்ட் நகரத்து மிருக வைத்தியர் ஜான் பாய்ட் டன்லப், தம் சிறு பையனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓட வேண்டும் என்று அதே யோசனையைப் புதிதாகக் கண்டுபிடித்தார். அன்று முதல் இன்றுவரை பை எவ்வளவோ மாறிவிட்டது. சுமையைத் தாங்கும் காற்று மட்டும் மாறவே இல்லை.

மாமனாரின் கட்சி

உஷ்ணத்தால் காற்று விரியும் என்று பெரியவர் சொல்வது முற்றிலும் உண்மை. எவ்வளவு விரியும் என்பதுதான் கேள்வி.

விடியற்காலையில் 27 டிகிரி வெப்பத்தில் 33 ராத்தல் பிடித்த டயர், நடுப்பகல் ஓட்டத்தில் 60 டிகிரி சூடேறியதாக வைத்துக்கொள்வோம். கல்லூரியில் படித்த வாயு விதியின்படி கணக்குப் போட்டால் அழுத்தம் சுமார் 38 ராத்தலாக உயரும். அதாவது ஐந்து ராத்தல் அதிகம். கார் டயரின் பக்கச் சுவரிலேயே அது தாங்கக்கூடிய உச்ச அழுத்தம் அச்சிடப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் 44 அல்லது 51 ராத்தல் என்றிருக்கும். அந்த உச்சமும் மிகுந்த பாதுகாப்பு வைத்துச் சொல்லப்பட்டது. நல்ல நிலையிலுள்ள டயரை உடைக்க அதைப் போலப் பல மடங்கு அழுத்தம் வேண்டும். ஓட்டத்தில் சூடேறி நாலைந்து ராத்தல் உயரும் என்பதையும் எண்ணிப் பார்த்தே வண்டி செய்பவர்கள் '33' என்று நிர்ணயிக்கிறார்கள். ஆகவே அந்த ஐந்து ராத்தலால் நல்ல டயர் வெடிப்பதில்லை.

பின் எதனால் வெடிக்கிறது? பெரும்பாலும் காற்றுக் குறைவினால்தான்!

இது விநோதமாகத் தோன்றலாம். ஒரு துண்டு கட்டுக்கம்பியைக் கையில் எடுத்து, ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாக இருபது தடவை வளைத்துப் பாருங்கள். வளைத்த இடத்தைத் தொட்டால் சுடும். இன்னும் சில தடவை வளைத்தால் அது ஒடிந்துவிடும். டயருக்குள் நடப்பதும் இதுவே. தரையைத் தொடும் இடத்தில் டயரின் பக்கச் சுவர் வளைகிறது. தரையை விட்டதும் நிமிர்கிறது. நடுத்தரக் காரின் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குள் ஏறக்குறைய 510 தடவை சுற்றும். சென்னையிலிருந்து திருநெல்வேலி அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். அப்படியானால் ஊர் போய்ச் சேருவதற்குள் டயரின் ஒவ்வோர் இடமும் மூன்று லட்சம் தடவை வளைந்து நிமிர வேண்டியிருக்கிறது.

காற்று சரியாக இருந்தால் அந்த வளைவு சொற்பம்; பிறக்கும் சூட்டை ஓடும் காற்றே ஆற்றிவிடும். காற்று குறைந்தாலோ வளைவு அதிகம், சூடும் அதிகம். வேகம் கூடினால் சூடு ஆறுவதற்கு அவகாசமில்லை. வண்டியில் பாரமும் சேர்ந்துவிட்டால் கேட்க வேண்டியதே இல்லை. ரப்பருக்கும் உள்ளே இருக்கும் கம்பி வலைக்கும் உள்ள பிடிப்பு தளர்ந்து, மேல் பட்டை உரிந்துகொண்டு போகிறது. அல்லது பக்கச் சுவர் கிழிகிறது. வெளியே நிற்பவர்களுக்குச் சத்தம் மட்டும் கேட்கும். "வெயிலில் டயர் வெடித்தது" என்று மறுநாள் எல்லாரும் பேசிக்கொள்வார்கள். வெயில் செய்த குற்றம் கொஞ்சந்தான். குறைந்த காற்று, மிகுந்த பாரம், விடாத வேகம் ஆகிய மூன்றும் தப்பிவிடுகின்றன.

இந்தப் பாடத்தை அமெரிக்கர்கள் மிகுந்த விலை கொடுத்துக் கற்றார்கள். 2000ஆம் வருஷத்தில் பயர்ஸ்டோன் கம்பெனி 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற நேர்ந்தது. அவற்றில் பெரும்பாலானவை போர்டு கம்பெனியாரின் எக்ஸ்ப்ளோரர் என்னும் பெரிய வண்டிகளில் மாட்டியவை. ஓடும்போதே மேல் பட்டை உரிந்து, வண்டிகள் கவிழ்ந்து, இருநூறுக்கு மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். டயரில் குறை என்றது வண்டிக் கம்பெனி. வண்டியில் குறை என்றும், 26 ராத்தல் போதும் என்று சொன்னது பிசகு என்றும் பதில் சொன்னது டயர்க் கம்பெனி. டயரில் குறை இருந்ததாகவே சர்க்கார் விசாரணை முடிவு கூறியது. ஆனால் அந்தக் குறையுள்ள டயர்கள் அதிகமாக உரிந்தது எங்கே தெரியுமா? வெயில் கடுமையான தென் மாகாணங்களில், வேகமாக ஓடிய வண்டிகளில். காற்றும் குறைந்திருந்தால் அபாயம் இன்னும் ஒரு படி அதிகம். அந்த ஆண்டிலேயே அமெரிக்காவில் ஒரு சட்டம் பிறந்தது. அதன் பயனாக, டயரில் காற்று குறைந்தால் ஓட்டுபவருக்கு முன்னால் விளக்கு எரிந்து எச்சரிக்கும் சாதனம் அந்நாட்டுப் புது வண்டிகளில் கட்டாயமாயிற்று. இன்று நம் நாட்டிலும் பல வண்டிகளில் அது இருக்கிறது.

ஆனால் அந்த விளக்கை மட்டும் நம்பியிருப்பதும் சரியன்று. அமெரிக்க விதிப்படி, குறிப்பிட்ட அழுத்தத்தில் காற்பங்கு குறைந்த பிறகு அது எரிந்தால் போதும். 33 இருக்க வேண்டிய டயர் ஏறக்குறைய 25க்கு இறங்கும் வரையில் அது மௌனமாக இருக்கலாம் என்று அர்த்தம். மாமனார் குறைக்கச் சொல்லும் ஐந்து ராத்தலை அது கவனிக்காமலே போகக்கூடும்.

ஆகவே பெரியவரிடம் சகோதரி மரியாதையாகச் சொல்ல வேண்டியது இது: "மாமா, குறைக்க வேண்டியது டயரின் காற்றையல்ல, வண்டியின் வேகத்தையும் மேலே கட்டும் மூட்டைகளையும்தான்." டிரைவர் ஆசனத்துக் கதவைத் திறந்தால், கதவு நிலையிலோ பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். பல வண்டிகளில் இரண்டு கணக்கு அதில் இருக்கும்: ஓரிருவர் போகும்போது ஒன்று, முழுப் பாரத்தோடு போகும்போது ஒன்று. ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறுகிற யாத்திரைக்கு இரண்டாவது கணக்கே பிரமாணம். அது அநேகமாகச் சில ராத்தல் அதிகமாகவே இருக்கும்!

கணவரின் கட்சி

பட்டன் அப்படியே இருக்கிறது என்பது நல்ல செய்திதான். ஆனால் டயருக்குத் தேய்மானம் ஒன்று, மூப்பு மற்றொன்று. ரப்பர் காற்றிலுள்ள பிராணவாயுவாலும் சூட்டாலும் மெல்ல மெல்ல இறுகி உயிர் இழக்கிறது. ஓடினாலும் சரி, வீட்டு வாசலில் வெயிலில் நின்றாலும் சரி, வயது ஏறுவது நிற்பதில்லை. பக்கச் சுவரில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரிந்தால் அதுவே நரை.

டயரின் பிறந்த தேதியை யாரும் மறைத்து வைக்கவில்லை. பக்கச் சுவரில் எழுத்துக்களும் எண்களுமாக ஒரு வரி இருக்கும். அதன் முடிவில் நான்கு இலக்கம். '2318' என்றிருந்தால் 2018ஆம் வருஷத்தின் 23ஆவது வாரத்தில் செய்தது என்று படிக்க வேண்டும். ஐந்து வருஷம் கடந்த டயரை ஆண்டுதோறும் தெரிந்தவரிடம் காட்டிப் பரிசோதிக்க வேண்டும் என்றும், பார்வைக்கு எப்படி இருந்தாலும் பத்து வருஷத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்றும் டயர் செய்பவர்களே சொல்கிறார்கள். ஆறு வருஷத்தோடு மாற்றிவிடச் சொல்லும் கார்க் கம்பெனிகளும் உண்டு. நம் ஊர் வெயிலில் எட்டு வருஷத்து டயரோடு அறுநூறு கிலோமீட்டர் ஓடுவதை நாம் சிபாரிசு செய்ய மாட்டோம். புது டயர் வாங்கும்போதும் அந்த நான்கு இலக்கத்தைக் கடையிலேயே படித்துவிட்டுப் பணம் கொடுப்பது நலம்.

தேய்மானத்துக்கும் ஓர் அளவுகோல் டயரிலேயே இருக்கிறது. பட்டன்களுக்கு இடையே ஓடும் வாய்க்கால்களின் அடியில் சிறு மேடுகள் குறுக்கே அமைந்திருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் மிச்சமிருக்கும் ஆழம் 1.6 மில்லிமீட்டர். நம் நாட்டு 1989ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி கார்களுக்கு அதுவே கடைசி எல்லை.

அந்த வாய்க்கால்கள் அழகுக்காக வெட்டியவை அல்ல. மழைத் தண்ணீரை வெளியேற்றுவதற்காகவே. தண்ணீர் வெளியேற வழியில்லாவிட்டால் டயர் தண்ணீரின்மேல் மிதந்து சறுக்கும். அப்போது ஸ்டீயரிங்கும் பிரேக்கும் வெறும் அலங்காரமே. 1963ல் அமெரிக்காவின் நாஸா ஆராய்ச்சியாளர்கள் விமான டயர்களை வைத்து இதற்கு ஒரு சூத்திரம் கண்டார்கள். அழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒன்பதால் பெருக்கினால், மிதக்கத் தொடங்கும் வேகம் கடல் மைல் கணக்கில் கிடைக்கும். 36 ராத்தலுக்கு வர்க்கமூலம் 6. ஆகவே 54 கடல் மைல், அதாவது மணிக்கு 100 கிலோமீட்டர். 25 ராத்தலுக்கு 83 கிலோமீட்டரே. வழவழவென்று தேய்ந்த டயருக்கும் தண்ணீர் நன்றாகத் தேங்கிய ரஸ்தாவுக்கும் உரிய கணக்கு இது. ஆனாலும் இதில் ஒரு நீதி இருக்கிறது: காற்றைக் குறைத்தால் வெயிலில் மட்டுமல்ல, மழையிலும் அபாயம் முன்னதாகவே வந்து நிற்கும்.

தேயும் விதத்தைப் பார்த்தே நோயையும் சொல்லிவிடலாம். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். ஓர் ஓரம் மட்டும் தேய்ந்தால் சக்கரங்களின் நேர் தப்பியிருக்கிறது; அலைன்மென்ட் பார்க்க வேண்டும். அங்கங்கே குழி விழுந்தாற்போல் தேய்ந்தால் ஷாக் அப்ஸார்பரையோ பாலன்ஸிங்கையோ கவனிக்க வேண்டும். பக்கச் சுவரில் கொழுக்கட்டை போல ஒரு வீக்கம் தென்பட்டால், ஏதோ ஒரு பள்ளத்தில் விழுந்தபோது உள்ளே இழைகள் அறுந்துவிட்டன என்று அர்த்தம். அதற்கு வைத்தியம் இல்லை. அந்த டயரோடு நெடும் பிரயாணம் போகவே கூடாது.

தம்பியின் கட்சி

நைட்ரஜனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். சுத்த நைட்ரஜனில் ஈரம் இல்லை. கசிவும் சற்றே மெதுவாக இருக்கும். அவ்வளவு லாபம் உண்மை. ஆனால் ஆணி குத்தினால் நைட்ரஜனும் வெளியே போகும். வெயிலில் அதுவும் விரியும். நைட்ரஜன் அடித்துவிட்டோம் என்று மூன்று மாதம் டயரைத் திரும்பிப் பாராமல் இருப்பவரைவிட, மாதம் தவறாமல் சாதாரணக் காற்றைச் சரிபார்ப்பவரின் குடும்பமே பத்திரமாக ஊர் போய்ச் சேரும். தம்பிக்கு விருப்பமானால் அடித்துக்கொள்ளட்டும். ஆனால் அளவு பார்க்கும் கடமை அதனால் தீர்ந்துவிடுவதில்லை.

செய்ய வேண்டியவை

நல்ல டயரும் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு ராத்தல் காற்றைத் தானாகவே இழக்கும். ஆகையால் மாதம் ஒரு முறையும், ஒவ்வொரு நெடும் பிரயாணத்துக்கு முன்பும் காற்றைப் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டிய நேரம் விடியற்காலை. வண்டி ஓடாமல் இரவெல்லாம் நின்று டயர் ஆறியிருக்கும்போது. சீட்டில் எழுதியிருக்கும் கணக்கு ஆறிய டயருக்கு உரியது. நடுவழியில் சூடான டயரைப் பார்த்து, "ஐயோ, 38 இருக்கிறதே!" என்று காற்றை இறக்குவது பெரும் பிசகு, ஆறிய பிறகு அது குறைந்த காற்றாக நிற்கும்.

எல்லா பங்க்கிலும் கருவி சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. நல்ல அளவுகோல் ஒன்று சொந்தமாக வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொள்வது உத்தமம். பார்த்த பின் வால்வின் மூடியை மறவாமல் திருக வேண்டும்; அது தூசிக்கும் கசிவுக்கும் காவல்.

சுமார் எட்டாயிரம் அல்லது பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை முன் சக்கரங்களையும் பின் சக்கரங்களையும் இடம் மாற்றினால் நான்கும் ஒரே சீராகத் தேயும். இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால் அவற்றைப் பின்னால் மாட்டுவதே பத்திரம். முன் சக்கரம் வழுக்கினால் ஓட்டுபவருக்குச் சமாளிக்க ஓரளவு இடம் உண்டு. பின் சக்கரம் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும்.

ட்யூப் இல்லாத டயரில் ஆணி ஏறினால் காற்று மெதுவாகவே இறங்கும். சில சமயம் பல நாள் தெரியாது. ஒரு டயரில் மட்டும் அடிக்கடி காற்று குறைந்தால் பங்க்சர் கடையில் காட்டிவிட வேண்டும். தரையைத் தொடும் பட்டையில் உள்ள சிறு துளையை அடைக்கலாம். பக்கச் சுவரில் உள்ளதை அடைக்கவே கூடாது. காற்றே இல்லாத டயரில் "அடுத்த ஊர் வரைக்கும்" என்று ஓட்டிக்கொண்டு போனால், அந்தச் சிறிது தூரத்திலேயே டயரின் உட்புறம் அரைபட்டுப் போகும்; பிறகு பங்க்சர் ஒட்டியும் பிரயோஜனமில்லை.

ஐந்தாவது சக்கரத்தையும் மறக்கக் கூடாது. வேல்ஸ் தேசத்து லனெல்லி என்னும் ஊரின் ஸ்டெப்னி தெருவில் 1904ல் டேவீஸ் சகோதரர்கள் மாற்றுச் சக்கரம் செய்து விற்கத் தொடங்கினார்கள். அந்தத் தெருவின் பெயரை அவர்கள் ஊரார் மறந்தாலும் நாம் மறக்கவில்லை; இன்றும் 'ஸ்டெப்னி' என்றே சொல்கிறோம். பெயரை ஞாபகம் வைத்திருக்கும் நாம் அதில் காற்று இருக்கிறதா என்று பார்க்க மட்டும் மறந்துவிடுகிறோம்! 2020ல் வந்த திருத்தத்தின்படி, காற்று எச்சரிக்கைச் சாதனமும் ஒட்டுப் போடும் கருவியும் உள்ள வண்டிகள் ஸ்டெப்னி இல்லாமலே வரலாம். அத்தகைய வண்டி வைத்திருப்பவர்கள் அந்தக் கருவியை உபயோகிக்க வீட்டிலேயே ஒரு முறை பழகிக்கொள்ள வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு ஓட்டத்தில் டயர் வெடித்துவிட்டால்? பிரேக்கை ஓங்கி மிதிப்பதுதான் மனித சுபாவம். அதுவே உயிருக்கு உலை. ஸ்டீயரிங்கை இரு கைகளாலும் இறுகப் பிடித்து வண்டியை நேராக நடத்த வேண்டும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்து, வேகம் தானாகக் குறைந்த பிறகே ஓரத்தில் ஒதுக்க வேண்டும். பிறகு குழந்தைகளை ரஸ்தாவுக்கு எதிர்ப்பக்கமாக இறக்கி, வண்டியை விட்டுத் தூரமாக நிறுத்த வேண்டும். பின் ஆசனத்தில் இருப்பவர்கள் உள்பட எல்லாரும் பெல்ட் போட்டிருந்தால்தான் இந்த யோசனைகளுக்கு அவகாசமே கிடைக்கும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு வார்த்தை. இந்த வேலைகள் டிரைவருக்கோ வீட்டுத் தலைவருக்கோ மட்டும் சொந்தமானவை என்று எண்ண வேண்டாம். அளவுகோலைப் பிடித்துப் பார்க்க ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். நோட்டில் தேதி போட்டு நான்கு எண்களை எழுதவும் தெரியும். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பொறுப்பை வீட்டுப் பெண்ணிடமோ பையனிடமோ ஒப்படைத்துப் பாருங்கள். எந்தச் சக்கரம் இரகசியமாகக் காற்றை விடுகிறது என்று மூன்றாவது மாதம் அவர்களே உங்களுக்குச் சொல்வார்கள். சகோதரியின் குடும்பம் புதிய டயரும் நிறைந்த காற்றும் நிதானமான வேகமுமாகத் திருநெல்வேலி போய்ச் சேர்ந்து சுகமாகத் திரும்பட்டும் என்று வாழ்த்துகிறோம்.